ரியாலிட்டி நிகழ்ச்சியை வைத்துத் தலைமுறைகளை எடைபோடும்போது நேரும் தவறுகள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குழுவாக வேலை செய்யத் தெரியாது" என்று சொல்பவர்களுக்கும், "பெரியவர்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்" என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் ரியாலிட்டி நிகழ்ச்சிகள் கைகொடுக்கின்றன. தலைமுறைகளை மோதவிட்டால் பார்வையாளர்கள் கூடுவார்கள் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். போட்டியாளர்கள் தனித்த இடத்தில் தங்கி, வாக்களித்து ஒருவரை ஒருவர் வெளியேற்றும் அமெரிக்க நிகழ்ச்சியான 'சர்வைவர்' இதை இரண்டு முறை செய்தது. 2010இல் 40 வயதைத் தாண்டியவர்களை ஓர் அணியாகவும் 30 வயதுக்கு உட்பட்டவர்களை இன்னோர் அணியாகவும் பிரித்தது. 2016இல் ஃபிஜித் தீவுகளில் மூத்த தலைமுறையான ஜென் எக்ஸ் அணியும் அதற்கு அடுத்த தலைமுறையான மில்லெனியல் அணியும் மோதின.

முதல் அத்தியாயத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. 2016 தொடரில் மூத்தவர்கள் கரையிறங்கியதும் குடில் கட்டத் தொடங்கினார்கள். இளையவர்கள் கொண்டாட்டத்தில் இருந்தார்கள். புயல் மழை வந்தபோது நனைந்து நடுங்கியது இளையவர்கள்தான். எல்லோரும் எதிர்பார்த்த படமே வந்துவிட்டது. ஆனால் புயலுக்குப் பின் நடந்த முதல் போட்டியில் தோற்று, ஓர் ஆளை வெளியே அனுப்பியது குடில் கட்டிய மூத்த அணி. திட்டமிடுதலும் வெற்றியும் ஒன்றல்ல என்பதை அந்த அத்தியாயமே காட்டிவிட்டது. நம் நினைவில் தங்குவது என்னவோ நனைந்த இளைஞர்கள் மட்டும்தான். பல நாள் ஒளிப்பதிவை முக்கால் மணி நேரத்துக்குச் சுருக்குபவர், தலைப்புக்குப் பொருந்தும் காட்சியைத்தான் முதலில் எடுத்துவைப்பார் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

தலைமுறை முத்திரையை அப்படியே நம்புவதும் தவறுதான். அந்த ஜென் எக்ஸ் அணியில் 33 வயதுக்காரருக்கும் இடம் இருந்தது. அமெரிக்காவில் மக்கள்தொகைப் போக்குகளை ஆராயும் ப்யூ ஆய்வு மையத்தின் கணக்கில் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள் மில்லெனியல்கள். அந்தக் கணக்குப்படி அவர் எதிரணியில் இருந்திருக்க வேண்டும். கோடு கிழிப்பவர் கையில்தான் தலைமுறை இருக்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2020இல் வெளியிட்ட அறிக்கையும், பணியாளர் நிர்வாகத்துக்கு இத்தகைய தலைமுறைப் பகுப்புகளை நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

இன்னொரு குழப்பம் இதைவிட நுட்பமானது. இருபது வயதில் துணிந்து இறங்குவதும் ஐம்பதில் யோசித்து அடியெடுத்து வைப்பதும் பெரும்பாலும் வயதின் குணம். இன்றைய ஐம்பதுகளும் இருபதில் அப்படித்தான் இருந்திருப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வயதினரை எடுத்த ஒற்றைப் படம், வயது எது, தலைமுறை எது என்று ஒருநாளும் பிரித்துச் சொல்லாது.

கோடு எப்போது அழிகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. 2016 தொடரின் பாதியில் அணிகள் கலைக்கப்பட்டன. பிறகு பத்துப் பேர் எஞ்சியிருந்தபோது யாரை வெளியேற்றுவது என்ற வாக்கு ஐந்துக்கு ஐந்து என்று சமன் ஆனது. ஒரு பக்கம் மூன்று மூத்தவர்கள், இரண்டு இளையவர்கள். மறுபக்கம் மூன்று இளையவர்கள், இரண்டு மூத்தவர்கள். விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லாததால் பைக்குள் கைவிட்டுக் கல் எடுத்தார்கள்; கறுப்புக் கல் எடுப்பவர் வெளியேற வேண்டும். அந்த வாக்கெடுப்பில் யாரும் குறிவைக்காத ஒரு பெண் கறுப்புக் கல்லால் வெளியேறினார். தன் ஆட்டத்தையே பணயம் வைத்துக் கூட்டாளிக்காக நின்ற அந்த இரவில் யார் எந்த ஆண்டு பிறந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் வென்ற இருபத்தைந்து வயது இளைஞருக்கு ஏற்கெனவே வெளியேறிய போட்டியாளர்களால் ஆன நடுவர் குழுவின் பத்து வாக்குகளும் கிடைத்தன. அவற்றில் பாதி மூத்த அணியில் தொடங்கியவர்களுடையவை.

அனுபவம் இருந்தால் தலைமை தானாக வந்துவிடும் என்று நினைப்பதற்கு 2010 தொடர் மறுப்பு. டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, அந்த ஆட்டத்தின் உச்சக் கோப்பையான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்று தந்த பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் மூத்த அணியில் இருந்தார். தனக்குப் பரிசு கிடைக்கப்போவதில்லை, மற்றவர்களை ஜெயிக்கவைக்கவே வந்தேன் என்று சொல்லிப் பார்த்தார். மூன்றாவது ஆளாக அவரை வெளியேற்றியது இளையவர்கள் அல்லர், அவருடைய வயதுக்காரர்களே. ஆனால் அதற்கு முன், மனமுடைந்து விலக நினைத்த ஓர் அணித் தோழியிடம் பேசி அவரைத் தங்கவைத்திருந்தார். அந்தப் பெண் ஏறத்தாழ இறுதிவரை நின்றார். பதவியால் கிடைக்காத செல்வாக்கு ஒருவரோடு தனியே உட்கார்ந்து பேசியதில் கிடைத்திருக்கிறது.

இதையெல்லாம் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் தோற்ற அணி தன் உறுப்பினரையே வெளியேற்றியாக வேண்டும், பரிசும் ஒருவருக்குத்தான். சக ஊழியரை வெளியேற்றினால் சம்பளம் கூடும் என்ற விதி இருந்தால் எந்த வயதினரும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். ஆகவே குழுவில் உரசல் என்றால் பிறந்த ஆண்டைத் தேடுவதை விட, யாருக்கு எதற்காகப் பாராட்டு கிடைக்கிறது, யாருக்குத் தகவல் வந்து சேர்வதில்லை என்று பாருங்கள். இளையவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு, மூத்தவர்களுக்கு இன்னொன்று என்று பிரிப்பது, ஏற்கெனவே இல்லாத கோட்டை நீங்களே கிழிப்பதாகும். அடுத்த பணியைக் கலந்த இணைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.