கத்தியால் கெடுத்து, கருவியால் சரிசெய்த வாட்ச்

என் வாட்சின் நொடிமுள் நான்கு நொடிக்கு ஒருமுறை தாவித் தாவி ஓட ஆரம்பித்தது. பல குவார்ட்ஸ் வாட்சுகளில் பேட்டரி தீரப்போவதற்கு அதுதான் அடையாளம். சரி, நாமே மாற்றிவிடலாம் என்று சமையலறைக் கத்தியால் பின்மூடியை நெம்பினேன். கத்தி வழுக்கி, மூடியில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். விரல் தப்பியது.

அப்புறம்தான் வாட்ச் மூடி திறக்கும் சிறு கத்தியும் பிளாஸ்டிக் முனை இடுக்கியும் வாங்கினேன். மூடியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால், ஓரிடத்தில் நகம் நுழையும் அளவு பள்ளம். கத்தி முனையை அங்கே வைத்து லேசாகத் திருப்பியதும் டப்பென்று திறந்தது. முன்பு நான் நெம்பியது நேர் எதிர்ப்பக்கம்!

பழைய பேட்டரியில் 377 என்று இருந்தது, 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு. அதே எண்ணில் புதியதைப் போட்டேன். உலோக இடுக்கியால் பிடித்தால் ஷார்ட் ஆகலாம், அதனால்தான் பிளாஸ்டிக். பக்கத்திலேயே முடியைவிட மெல்லிய செப்புக்கம்பிச் சுருள் வேறு. அது அறுந்தால் வாட்ச் போச்சு.

தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி மூடினேன். எவ்வளவு அழுத்தியும் மூடி உட்காரவில்லை. நேரம் திருத்தும் சாவியின் தண்டுக்காக மூடியில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருந்தது. மூடியைத் திருப்பி வைத்ததும் டிக்! தண்ணீர் புகாது என்று மட்டும் இன்னும் நம்பவில்லை. கை கழுவும்போது கழற்றிவிடுகிறேன்.