வளைந்த கதவு முகப்பில் தேக்கு வெனீர் ஒட்டும் முறை

வளைவுகள் அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. உருளைத் தூண், அரைவட்ட மேசை முகப்பு, வெளிப்புறம் புடைத்த அலமாரிக் கதவு ஆகியவை ஒரு திசையில் மட்டும் வளைந்தவை என்பதால், அவற்றை ஒரே வெனீர்த் தாளால் (மரத்தை மெல்லியதாகச் சீவிய தாள்) சுருக்கமின்றி மூடிவிடலாம். கோளம், கிண்ணம் போன்று இரு திசைகளிலும் வளைந்தவற்றுக்கு, நுனி கூம்பிய பட்டைகளாகத் தாளை வெட்டிப் பக்கம் பக்கமாகப் பொருத்துவதே வழக்கம். இங்கே விளக்கப்படுவது முதல் வகை: 40 செ.மீ. ஆரத்தில் வெளிப்புறம் புடைத்த ஓர் அலமாரிக் கதவு, அதன் மேல் தேக்கு வெனீர்.

கடைகளில் 8 அடிக்கு 4 அடி அளவில் கிடைக்கும் 4 மி.மீ. வெனீர்ப் பலகை, ஏற்கெனவே பிளைவுட்டின் மேல் ஒட்டப்பட்டது. இத்தகைய வளைவுக்கு அது ஏற்றதல்ல. ஏறத்தாழ 0.5 மி.மீ. தடிமனுள்ள வெறும் வெனீர்த் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். தாளின் ரேகை, அதாவது மர இழைகளின் வரி, எத்திசையில் ஓடுகிறது என்பதே வேலையின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. கதவில் ரேகை மேலிருந்து கீழாக ஓடுமாறு வைத்தால், இழைகள் நிமிர்ந்தே நிற்க, தாள் அவற்றுக்குக் குறுக்காக எளிதில் வளைந்துகொடுக்கும். ரேகை கிடைமட்டமாக ஓட வேண்டும் என்று வீட்டுக்காரர் விரும்பினால், ஒவ்வோர் இழையையும் அதன் நீளவாக்கிலேயே வளைக்க வேண்டியிருக்கும். முடிந்தவரை செங்குத்து ரேகைக்கே அவரை இசைய வைப்பது நல்லது.

தாளின் இரு முகங்களும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கத்தியால் சீவும்போது ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. தாளை ரேகைக்குக் குறுக்காக இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், கீறல் முகம் வெளிப்புறமாக இருக்கும்போது அது சற்று எளிதாக வளையும். அந்த முகத்தையே பசைக்குள் வைக்க வேண்டும். புடைத்த பரப்பில் உட்புறம் அமையும் முகம் நெருக்கப்படுவதால் கீறல்கள் மூடிக்கொள்கின்றன. மாற்றி ஒட்டினால் அவை விரிந்து, பாலிஷ் போட்ட சில மாதங்களில் மெல்லிய வெடிப்புகளாகத் தலைகாட்டும். புத்தகத்தைத் திறந்தாற்போல அடுத்தடுத்த தாள்களைத் திருப்பிப் பொருத்தும் அழகு முறையில் ஒன்றுவிட்டு ஒரு தாள் தவறான முகத்தைக் காட்டும் என்பதால், கூர்மையான வளைவுகளில் தாள்களைத் திருப்பாமல் வரிசையாக வைப்பதே பாதுகாப்பானது. தாள்களை இணைக்கும் தண்ணீர்ப்பசைக் காகித நாடா வெளிமுகத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.

சேமிப்பில் சுருண்டோ நெளிந்தோ போன தாளை அப்படியே வளைக்க முயன்றால் அது பிளக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 முதல் 100 மி.லி. வரை கிளிசரின் கலந்து, இரு முகங்களிலும் தெளித்து, அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றி வைக்க வேண்டும். செய்தித்தாளின் மை தேக்கில் ஏறும் என்பதால் அதைத் தவிர்க்கவும். உறிஞ்சும் தாள்களை அவ்வப்போது மாற்றி, வெனீர் ஈரம் நீங்கியும் துவளும் பதத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டும். கிளிசரின் அளவு கூடினால் பசையும் பாலிஷும் சரியாகப் பிடிக்காது.

அடிப்பரப்பில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் அரை மில்லிமீட்டர் தாளின் வழியே வெளியே தெரியும். எளிதில் வளையும் ஃபிளெக்சி பிளைவுட்டைப் பல அடுக்குகளாக அச்சின் மேல் ஒட்டிச் செய்த கதவே இதற்குச் சிறந்தது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் பின்புறம் வரிசையாக அறுத்து வளைத்திருந்தால், அறுப்புக் கோடுகள் முகப்பில் தட்டையான பட்டைகளாகத் தெரியாமலிருக்க, மேலே ஓர் அடுக்கு மெல்லிய ஃபிளெக்சி பிளையை ஒட்டியாக வேண்டும். நேர்க்கோலை வளைவின் அச்சுவாக்கில், அதாவது மேலிருந்து கீழாக நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்து நகர்த்திக்கொண்டே வந்தால், வெளிச்சம் கசியும் இடங்களெல்லாம் பள்ளங்கள் என்று அறியலாம். அவற்றைப் பட்டியிட்டு நிரப்பி, 80 ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். இந்தப் பணிக்கு ஒட்டும் வேலையைவிட அதிக நேரம் செலவானாலும் அது வீண் அல்ல.

தச்சர்கள் பலர் விரைவு கருதி ரப்பர் பசையைக் கையாள்கிறார்கள். வெறும் வெனீருக்கு, அதுவும் வளைவில், நான் அதை அறவே பரிந்துரைக்கமாட்டேன். அது காய்ந்த பின்னும் இளகும் தன்மையுடையது. பாலிஷில் உள்ள கரைப்பான் தாளின் துளைகள் வழியே இறங்கி அதைத் தளர்த்தும்போது கொப்புளங்கள் கிளம்பும். வெள்ளைப் பசை நல்லதுதான், ஆயினும் நிமிர முயலும் தாளின் இடையறாத இழுப்பில் அது நாளடைவில் சிறிது நகர்ந்து கொடுக்கும். கல்லாக இறுகும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் வளைவுக்குப் பொருத்தமானது. அதில் சிறிது மைதா கலந்தால் தாளின் துளைகள் வழியே பசை வெளியே ஊறுவது குறையும். அதன் நெடி தீங்கானது என்பதால் காற்றோட்டமும் முகக்கவசமும் கட்டாயம். கோடை வெயிலில் அது விரைவாக இறுகும். ஆகவே காலை வேளையில் ஒட்டுவது நலம்.

அழுத்துவதற்கு எதிர் அச்சு, அதாவது கதவின் புடைப்புக்கு ஏற்ப உட்குழிந்த அச்சு, தேவை. கதவின் ஆரம் 400 மி.மீ., வெனீர் 0.5 மி.மீ., அழுத்தத்தைச் சீராகப் பரப்ப இடையில் வைக்கும் ரப்பர் விரிப்பு 3 மி.மீ. என்றால், அச்சின் உள் ஆரம் ஏறத்தாழ 403.5 மி.மீ. ஆக இருக்க வேண்டும். இந்தக் கணக்கை விட்டுவிட்டு 400 மி.மீ. ஆரத்திலேயே அச்சை வெட்டினால், ஓரங்கள் இறுகப் பற்றும், நடுப்பகுதி பசையின்மேல் வெறுமனே மிதக்கும். பசையைக் கதவின் மேல் மட்டும் உருளையால் மெல்லிய, சீரான படலமாகப் பூச வேண்டும். தாளில் பூசினால் அது உடனே ஊறிச் சுருண்டுகொள்ளும். எல்லாப் பக்கமும் 10 முதல் 15 மி.மீ. வெளியே நீளுமாறு தாளை வைத்து, அதன் மேல் பாலிதீன் விரிப்பு, ரப்பர், அச்சு என்ற வரிசையில் அடுக்கி, நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களை நோக்கிக் கிளாம்புகளை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் மிகுதிப் பசையும் காற்றும் வெளியேற வழி கிடைக்கும். பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் பூட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே பசையைக் கலக்கவும்.

உருளைத் தூணுக்கு அச்சு தேவையில்லை. பழைய சைக்கிள் ட்யூபை நீளப் பட்டைகளாக வெட்டி, இழுத்து இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறுமாறு சுற்றினால் போதும். தாளின் இரு விளிம்புகளும் சேரும் இடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நேர்க்கோல் பிடித்து, இரண்டையும் ஒரே வெட்டில் அறுக்க வேண்டும்; தாள் ஈரமாக இருக்கும்போது அறுத்தால், காய்ந்து சுருங்கியபின் இணைப்பு வாய் திறந்துவிடும். உட்குழிந்த பரப்புக்கு மணல் மூட்டையோ, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பையோ உதவும். வெற்றிடப் பையில் அழுத்துவது வெளிக்காற்றே. கடல் மட்டத்தில் சதுர செ.மீ.க்கு அது அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு கிலோ. ஊட்டியின் உயரத்தில் இதில் முக்கால் பங்கே கிடைக்கும் என்பதால், மலைப் பகுதிப் பட்டறைகளில் தாளை நன்கு பதப்படுத்துவது இன்னும் அவசியம்.

24 மணி நேரம் கழித்து அச்சைப் பிரித்து, நகத்தால் பரப்பெங்கும் தட்டிப் பார்க்கவும். வெற்றொலி எழும் இடத்தில் ரேகைவாக்கில் சவர அலகால் கீறி, ஊசிக்குழலால் வெள்ளைப் பசை செலுத்தி, மீண்டும் அழுத்தி வைக்க வேண்டும். வெளியே நீண்ட தாளை அரத்தால் நீக்கும்போது அரத்தின் ஓட்டம் எப்போதும் கதவை நோக்கியே இருக்கட்டும். வெளிநோக்கி இழுத்தால் விளிம்பு சிதறும். காகித நாடாவை ஈரப் பஞ்சால் ஊறவைத்து எடுத்து, பரப்பு முழுதும் உலர்ந்த பிறகு, 180, பின் 220 ஆம் எண் உப்புத்தாளைக் கையால், ரேகைவாக்கில் மட்டும் தேய்க்கவும். இயந்திரம் ஒரு நொடியில் அடிப்பலகையைக் காட்டிவிடும்.

கதவின் பின்புறத்திலும் அதே தடிமனில் ஒரு சாதாரண வெனீரை, முகப்பில் உள்ள அதே ரேகைத் திசையில் ஒட்ட வேண்டும். ஒரு முகம் மட்டும் மூடப்பட்டால் மழைக்காலத்தில் இரு முகங்களும் ஈரத்தை வெவ்வேறு அளவில் வாங்கி, கதவின் ஆரமே மாறி, சட்டத்தில் பொருந்தாமல் போகும். மெலமைன் பாலிஷின் முதல் பூச்சையும் இதே காரணத்துக்காக ஒரே நாளில் இரு முகங்களுக்கும் மெல்லியதாகக் கொடுக்கவும்.