அக்கித் தடுப்பூசி: ஐம்பதைத் தொட்டவர்கள் செய்கிற கணக்குத் தவறுகள்

சேரன்மகாதேவி பக்கம் 26 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டுவார். "அண்ணாச்சி, சூட்டுக் கொப்புளம் மாதிரி இருக்கு. ஒரு ட்யூப் கொடுங்க." முதுகுத்தண்டில் தொடங்கி நெஞ்சு வரை, உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை கட்டியதுபோலக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் இருக்கும். அது அக்கி.

இரண்டு மூன்று வருடமாக இன்னொரு கேள்வியும் வருகிறது. "இதுக்கு ஊசி வந்திருக்காமே, நான் போட்டுக்கிடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியவர்கள். போடலாமா வேண்டாமா என்பதை அவரவர் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கு வருகிற வழியில் பலரும் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய தவறு, தராசில் தப்பான பொருளை வைப்பது. "கொப்புளம் மூணு வாரத்துல காஞ்சு போயிரும். அதுக்குப் போயி இவ்வளவு ரூபாய்க்கு ஊசியா?" என்று கேட்கிறார்கள். கொப்புளம் மட்டும்தான் நோய் என்றால் அந்தக் கேள்வி சரிதான். அக்கி ஆறிய பிறகும் சிலருக்கு நரம்பில் வலி தங்கிவிடும். ஊசிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த வலி வராமல் இருப்பதற்காகத்தான்.

எங்கள் மைனி கதையைச் சொல்கிறேன். அண்ணன் மனைவி, முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். 58 வயதில் ஒரு நாள் இடது விலாவில் எரிச்சலும் குத்தலும் வந்தது. நெஞ்சுவலியோ என்று பயந்து இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. தைலம் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் கொப்புளம் கிளம்பியது. ஒரு கிளினிக்கில் பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் காருகுறிச்சிக்குக் கூட்டிப் போய், மண்பானை வனைகிற வேளார் வீட்டில் அக்கி எழுதினார்கள். காவிமண்ணைக் குழைத்துச் சிங்க உருவம் எழுதுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். குளிர்ச்சியாக இருந்தது என்று மைனியே சொன்னார். எழுதிய பெரியவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்குத் தகவல் வந்தபோது ஆறு நாள் ஓடிவிட்டது. அக்கிக் கிருமியை அடக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்யக்கூடிய காலம் கடந்துவிட்டது.

கொப்புளம் காய்ந்தது. எல்லோரும் குணமாகிவிட்டது என்றார்கள். வலி மட்டும் பதினான்கு மாதம் இருந்தது. ரவிக்கை உரசினால் தீப்பட்டதுபோல எரியும். மின்விசிறிக் காற்று பட்டாலே துடிப்பார். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்ற முடியவில்லை, அந்த வருமானம் நின்றது. பாராசிட்டமால் இந்த வலியைத் தொடவே தொடாது. நரம்புவலிக்கென்று உள்ள காபாபென்டின், பிரிகாபலின் மாதிரி மாத்திரைகள் வேண்டும். அவை மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு இப்படி வலி தங்குகிறது என்பது அமெரிக்கக் கணக்கு. வயது ஏற ஏற இந்த வாய்ப்பும் ஏறும். "மூணு வாரத்துல போயிரும்" என்று சொல்பவரிடம் நான் மைனியைப் பற்றித்தான் சொல்வேன்.

அடுத்தது, அக்கி சூட்டினால் வருகிறது என்ற நம்பிக்கை. நம் ஊர் வெயிலில் அப்படித் தோன்றுவது இயல்பு. இளநீர், வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல் எல்லாம் உடம்புக்கு இதமானவைதான். ஆனால் அக்கி வருவதற்குக் காரணம் சின்னம்மைக் கிருமி. சிறு வயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தூங்கிக்கொண்டிருக்கும். வயதாலோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியாக இறங்கித் தோலுக்கு வரும். அதனால்தான் ஒரு பக்கமாக, பட்டையாக வருகிறது. இங்கிலாந்தில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப் சிம்ப்சன், தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல வருடம் குறித்துவைத்து, 1965ல் இந்தக் கருத்தை முன்வைத்தார். ஒரு சின்ன ஊர் மருத்துவரின் குறிப்பேட்டிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

"எனக்கு அம்மையே போட்டதில்ல, அதனால அக்கி வராது" என்பவர்களும் உண்டு. ஐம்பது வயதில் இதை உறுதியாகச் சொல்ல முடிந்தவர் குறைவு. வேப்பிலை கட்டி, மூன்று தண்ணீர் ஊற்றி, அம்மன் கோயிலுக்கு மாவிளக்கு எடுத்தது ஒன்றரை வயதில் நடந்திருந்தால் உங்களுக்கு எப்படி நினைவிருக்கும்? நாலைந்து முத்தோடு போயிருந்தால் வீட்டில் யாரும் கவனித்தே இருக்க மாட்டார்கள். அதனால் அம்மை வந்ததா என்று தெரியாதவர்களுக்கும் இந்த ஊசியைப் போடுகிறார்கள், அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஏற்கனவே வேறு காரணத்துக்காகச் சோதித்து, அம்மைக் கிருமியே உடம்பில் படவில்லை என்று தெரிந்தவருக்கு மட்டும் அக்கி ஊசி பொருந்தாது. அவர் கேட்க வேண்டியது சின்னம்மைத் தடுப்பூசி. "ஒரு தடவை அக்கி வந்தாச்சு, இனி வராது" என்பதும் தவறு. திரும்ப வரலாம். புண் முழுதும் ஆறிய பிறகு எவ்வளவு காலம் விட்டு ஊசி போடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

சரி, ஊசி என்ன செய்யும்? இந்தியாவில் 2023ல் விற்பனைக்கு வந்த ஷிங்ரிக்ஸ் என்பது உயிருள்ள கிருமி இல்லாத ஊசி. வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஒரே ஒரு புரதத்தை வைத்துச் செய்தது. ஆய்வுகளில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அக்கி வருவதை 97 சதவீதமும், 70ஐத் தாண்டியவர்களிடம் சுமார் 90 சதவீதமும் குறைத்தது. ஊசி போட்ட ஆறாவது வருடத்திலிருந்து பதினோராவது வருடம் வரையிலும் பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இதற்கு முன்பு அமெரிக்காவில் 2006ல் வந்த ஜோஸ்டாவாக்ஸ் உயிருள்ள கிருமி ஊசி, பாதியளவுதான் தடுத்தது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அதைப் போடவும் கூடாது என்றிருந்தது. அந்தப் பழைய செய்தியைப் படித்துவிட்டு, "கீமோ எடுத்தவங்க போடக்கூடாதாம்" என்று இன்றும் சொல்கிறார்கள். உண்மை நேர் எதிர். புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று, முடக்குவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை என்று இருப்பவர்களுக்குத்தான் அக்கி கடுமையாக வரும், இந்தப் புதிய ஊசியும் அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும். எப்போது போடுவது என்பதை மட்டும் அந்தச் சிகிச்சை தரும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். இதை மழுப்பிப் பேசுகிறவர்கள் அதிகம். ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும், இரண்டு டோஸ் வேண்டும். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் என்றால் நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு அது பெரிய தொகை. வட்டிக்கு வாங்கிப் போட வேண்டிய ஊசி இது இல்லை என்பது என் கருத்து. சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தி மிச்சம் பிடித்து இதைப் போடுவதும் கூடாது. அமெரிக்காவில் 50 வயதிலிருந்தே எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2023 செப்டம்பரிலிருந்து பொதுவாக 65 வயதில்தான் இலவசமாகத் தொடங்குகிறார்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் அதற்கு முன்பே. இரண்டு நாடும் ஒரே ஊசியைத்தான் பார்க்கின்றன, வயதை வேறுவேறாக வைத்திருக்கின்றன. ஆகவே 51 வயதில் எந்த நோயும் இல்லாதவர், பணம் சேர்ந்த பிறகு போடுகிறேன் என்று இரண்டு மூன்று வருடம் தள்ளினால் அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே 51 வயதில் பத்து வருடச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட மூச்சிரைப்பு, தினமும் ஸ்டீராய்டு மாத்திரை என்று இருப்பவர் தள்ளிப்போட வேண்டாம். வயதை மட்டும் பார்த்து முடிவு செய்வதும், பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று போடுவதும் ஒரே தவறுதான்.

முதல் ஊசியோடு நிறுத்திவிடுவது பணத்தை வீணாக்குகிற தவறு. மேலே சொன்ன சதவீதம் எல்லாம் இரண்டு ஊசிக்கும் சேர்த்துத்தான். இடைவெளி 2 முதல் 6 மாதம். ஆறு மாதம் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்று என் கடையில் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்றால், முதல் ஊசிக்குப் பிறகு வரும் கைவலியும் காய்ச்சலும்தான். இந்த ஊசி கொஞ்சம் முரட்டு ஊசி. ஆறு பேரில் ஒருவருக்கு அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு உடம்புவலி, களைப்பு, தலைவலி வரும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் போட்டுவிட்டால் மனிதர் பயந்துபோகிறார். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாளோ, நாற்று நடுகிற வாரமோ போடாதீர்கள். நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே நோய் 65 வயதைக் கடந்தவர்களில் 10 லட்சம் டோஸுக்கு ஏறத்தாழ 3 பேருக்குக் கூடுதலாக வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021ல் எச்சரித்தது. மிக அரிது என்றாலும், அந்த நோய் முன்பு வந்தவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடைக்காரனாக ஒன்று. இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. உறைந்துபோனாலும் வீண், சூடேறினாலும் வீண். சென்னையில் மகன் வாங்கித் தந்தான் என்று துணிப்பையில் வைத்து ரயிலில் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. அதைப் போட வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் கஷ்டப்பட்டது. ஊசி போடுகிற இடத்திலேயே வரவழைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் இப்போது "அக்கி ஊசி போட்டால் மறதி நோய் வராது" என்று சுற்றுகிறது. அதன் பின்னால் உண்மையான ஆய்வு உண்டு. வேல்ஸ் நாட்டில் ஊசி கிடைத்தவர்களுக்கு ஏழு வருடத்தில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்று 2025ல் வெளியிட்டார்கள். ஆனால் அது பழைய ஜோஸ்டாவாக்ஸ் ஊசி, போட்டவர்களும் எண்பதை ஒட்டியவர்கள். நல்ல செய்திதான், ஆனாலும் அதை மட்டும் நம்பி ஐம்பதில் பணம் கட்ட வேண்டாம்.

கொப்புளம் வந்த பிறகு ஓடிவந்து ஊசி கேட்பது இன்னொரு தவறு. வந்த அக்கியை ஊசி ஆற்றாது. அப்போது வேண்டியது அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் மாத்திரை, கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள். அசைக்ளோவிர் களிம்பை வாங்கித் தடவிவிட்டு மருந்து போட்டாயிற்று என்று இருப்பவர்கள் நிறைய, அக்கிக்கு அது போதாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மாத்திரை அளவு மாறும், அதனால் மருத்துவர் சீட்டு வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்குப் போகலாம், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பேறுகாலத்துக்கு மகள் வந்திருக்கிற வீடானால் புண்ணை மூடிவையுங்கள். அம்மை வராதவர்களுக்குக் கொப்புளத்து நீர் பட்டால் சின்னம்மை வரலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் போட முடியவில்லை. எனக்கு 53, வேறு நோய் இல்லை. என் மனைவிக்கு 51, ஒன்பது வருடச் சர்க்கரை. அதனால் அவளுக்கு முதலில். நெல்லையப்பர் ஆனித் தேர் முடிந்த மறுவாரம் முதல் ஊசி. ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை, நான்தான் தோசை சுட்டேன். இரண்டாவது ஐப்பசியில் போட்டாயிற்று. என்னுடையதுக்கு மாதா மாதம் எடுத்துவைக்கிறோம், தை பிறந்ததும் போடுவதாக இருக்கிறேன்.