இலவச கிரெடிட் ரிப்போர்ட்: சேர்வதும் கழன்றுகொள்வதும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்கடன் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடன் கேட்டு வருகிறவர்களிடம் பேஸ்லிப், வங்கி ஸ்டேட்மென்ட், விசா விவரம் எல்லாம் வாங்கி அடுக்குவது என் பொறுப்பு. அந்தப் பட்டியலில் கிரெடிட் ரிப்போர்ட்டும் உண்டு, அதாவது கடன்களையும் பில்களையும் நாம் எப்படிக் கட்டி வந்தோம் என்று காட்டும் கோப்பு. கேட்டவுடன் பலரும் கூகுளில் தேடி, முதலில் வரும் ‘30 நாள் இலவசம்’ விளம்பரத்தை அழுத்தி, கார்டு நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். வீடு கிடைக்கிறதோ இல்லையோ, மாதாமாதம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கக் காசு கொடுக்கவே வேண்டியதில்லை. பிரிட்டனில் இந்தக் கோப்புகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன். சட்டப்படி தரவேண்டிய ரிப்போர்ட்டுக்கு முன்பெல்லாம் 2 பவுண்டு வாங்கினார்கள். 2018 மே மாதத்திலிருந்து அதுவும் இலவசம். அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே கேட்கலாம். ஆனால் அந்த இணைப்பைப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்தான் தேட வேண்டியிருக்கும். மேலே கண்ணில் படுவதெல்லாம் கட்டணத் திட்டங்கள்தான். கிளியர்ஸ்கோர் என்ற தளம் ஈக்விஃபாக்ஸ் ரிப்போர்ட்டை இலவசமாகக் காட்டுகிறது, கார்டும் கேட்பதில்லை. வெறுமனே உங்கள் நிலைமையைத் தெரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

அப்புறம் எதற்கு டிரையல்? மூன்று நிறுவனங்களின் விவரமும் ஒரே பிடிஎஃப்பில், அன்றைக்கே வேண்டும் என்றால் அது உதவும். செக்மைஃபைல் போன்ற சேவைகள் அப்படித்தான் தருகின்றன. முதலில் சில நாள் இலவசம், அதன்பின் மாதம் 15 பவுண்டை ஒட்டி. தரகர்கள் பெரும்பாலும் கேட்பதும் இந்த மாதிரி ரிப்போர்ட்டைத்தான். ஆகவே தரகர் கேட்கும் வாரத்தில் சேருங்கள். வீடு பார்க்க ஆரம்பித்த உற்சாகத்தில் இப்போதே சேர்ந்தால், தேவைப்படும்போது ரிப்போர்ட் பழசாகியிருக்கும், டிரையலும் முடிந்திருக்கும்.

சேர்வதற்கு முன் நாட்காட்டியைத் திறந்து வையுங்கள். எத்தனை நாள் இலவசம் என்று பாருங்கள். 30 நாள் டிரையலில் மார்ச் 5 அன்று சேர்ந்தால் ஏப்ரல் 5 வரை நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். 30 நாள் என்றால் 30 நாள்தான். மார்ச்சுக்கு 31 நாள். முடியும் தேதிக்குச் சில நாள் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். ‘இலவச டிரையல்’ என்று மட்டும் குறித்தால் அன்றைக்கு அதைத் தள்ளிப்போடத் தோன்றும். சேவையின் பெயர், எந்த மின்னஞ்சலில் சேர்ந்தீர்கள், எந்த கார்டு, மூன்றையும் அலாரத்திலேயே எழுதுங்கள்.

சேரும்போது சில வருடத்து முகவரிகளைக் கேட்பார்கள். பகிர்ந்து தங்கிய அறை, மாமா வீடு எதையும் விடாதீர்கள். பிறகு, எந்த வங்கியில் எப்போது கணக்குத் தொடங்கினீர்கள் என்பது போன்ற கேள்விகள் வரும். நாட்டுக்கு வந்து சில மாதமே ஆனவர்களுக்கு ‘உங்களை அடையாளம் காண முடியவில்லை’ என்று திரை நின்றுவிடுவதுண்டு. கோப்பில் போதுமான விவரம் சேரவில்லை என்பதுதான் அதற்குக் காரணம், பதற வேண்டாம். ஆனால் அதற்குள் கார்டு கொடுத்திருந்தால், கணக்கு திறந்திருக்கிறதா என்று அந்தச் சேவையிடம் கேட்டு எழுதிவிடுங்கள். இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: பார்த்தால் ஸ்கோர் (ரிப்போர்ட்டை வைத்து நமக்குப் போடும் மதிப்பெண்) குறையுமா? குறையாது. நம் கோப்பை நாமே பார்ப்பது கடன் கொடுப்பவர்கள் கண்ணில் படாது.

ரிப்போர்ட் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, முழு பிடிஎஃப்பை இறக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்வது. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், தரகர் திருப்பி அனுப்புவார். சில சேவைகளில் ரத்து செய்த கணமே கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு பார்க்க முடியாது.

அடுத்து, ஸ்கோர் எண்ணை விட்டுவிட்டுப் பெயர் இருக்கும் பகுதிக்குப் போங்கள். நம் ஆட்களுக்குச் சிக்கலே அங்கேதான். பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியம் குடும்பப் பெயராக இருக்கும், வங்கியில் இயற்பெயராக ஏறியிருக்கும், போன் கம்பெனியில் ஒற்றை இன்ஷியலாகச் சுருங்கியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடிக் குறைந்தாலும் போதும், ஒழுங்காகக் கட்டிய கடனட்டை உங்கள் கோப்பிலேயே ஒட்டாமல் போகலாம். முகவரியும் அப்படித்தான்: ஒரு இடத்தில் ‘12 ஏ’, இன்னொரு இடத்தில் ‘ஃபிளாட் ஏ, 12’. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தங்கும் அனுமதியோடு இருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இங்கே பதிவு செய்யலாம். இது தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் நிறையப் பேர். வங்கியில் இருக்கும் அதே எழுத்துகளில் பதிவு செய்யுங்கள். பழைய அறைத்தோழரோடு கூட்டுக்கணக்கு வைத்திருந்தால் அவர் பெயரும் உங்கள் கோப்பில் தொங்கும். கணக்கை மூடியாகிவிட்டது என்றால் அந்தத் தொடர்பைத் துண்டிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

சரி, இனி கழன்றுகொள்ளும் வேலை. எந்த வழியில் சேர்ந்தீர்களோ அந்த வழியில்தான் வெளியேற வேண்டும். “அக்கா, ஆப்பை அன்னைக்கே அழிச்சுட்டேன், அப்புறம் எப்படி காசு எடுக்கிறாங்க?” என்று கேட்காத ஆளே இல்லை. ஆப்பை அழித்தால் ஆப் மட்டும்தான் போகும். ஆப்பிள் வழியாகச் சேர்ந்திருந்தால் போனின் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தட்டி, சந்தா பட்டியலில் போய் ரத்து செய்ய வேண்டும், அதுவும் டிரையல் முடிய 24 மணி நேரத்துக்கு முன்னதாக. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் சந்தா பகுதி.

தளத்தில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் ‘என் கணக்கு’ பகுதிக்குள் போங்கள். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. ரத்து செய்கிறேன் என்று அழுத்தியதும், ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம், பாதி விலைக்குத் தருகிறோம் என்று இன்னொரு பக்கம். பெரிய வண்ணப் பொத்தான் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். ‘ரத்தைத் தொடர்’ என்பது அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொத்தான் போலவே தெரியாமல் கிடக்கும். பாதியில் மூடிவிட்டு, ரத்தாகிவிட்டது என்று நம்புகிறவர்கள்தான் அதிகம். ‘உங்கள் சந்தா முடிந்தது’ என்று திரையில் வரவேண்டும், மின்னஞ்சலும் வரவேண்டும். மின்னஞ்சல் வராவிட்டால் நீங்களே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தேதியோடு உங்கள் கையில் சாட்சி இருக்கும். சில இடங்களில் ரத்தானபின் இலவசக் கணக்காக மாற்றி வைத்துக்கொள்வார்கள். உள்ளே நுழைய முடிகிறதே என்று குழம்ப வேண்டாம்.

இதையும் மீறிப் பணம் எடுத்தால் வங்கியைப் பிடியுங்கள். வங்கி ஆப்பில் டைரக்ட் டெபிட் பட்டியலில் தேடினால் கிடைக்காது. கார்டின் நீண்ட எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய தொடர் பிடித்தம் இது, விதிகள் வேறு. சில வங்கிகள் தனிப் பகுதியில் காட்டும், இல்லாவிட்டால் போன் செய்ய வேண்டியதுதான். இந்தப் பிடித்தத்தை நிறுத்து என்று நீங்கள் சொன்னால் வங்கி நிறுத்தியாக வேண்டும். பணம் எடுக்கும் தேதிக்கு முந்தைய வேலை நாள் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். “முதலில் கம்பெனியிடம் பேசிவிட்டு வாருங்கள்” என்று உங்களைத் திருப்பி அனுப்ப வங்கிக்கு உரிமை இல்லை. நிறுத்தச் சொன்ன பிறகும் போனால், அந்தத் தொகையை வங்கி திருப்பித் தர வேண்டும். கார்டு தொலைந்தது என்று புதுக் கார்டு வாங்கும் தந்திரத்தை நம்பாதீர்கள், புது எண்ணுக்கும் பிடித்தம் தொடர்ந்து வரக்கூடும்.

ஆனால் வங்கியில் மட்டும் நிறுத்திவிட்டுச் சந்தாவை ரத்து செய்யாமல் விட்டால் ஒப்பந்தம் அப்படியே இருக்கும், பாக்கி கேட்டுக் கடிதம் வரும். வீட்டுக்கடன் கேட்கும் நேரத்தில் 15 பவுண்டுக்கு அந்தத் தலைவலி தேவையா?

கணவன், மனைவி சேர்ந்து கடன் கேட்டால் இருவருக்கும் தனித்தனி ரிப்போர்ட் வேண்டும், குடும்பத்துக்கு ஒன்று என்று கிடையாது. ஆகவே இரண்டு டிரையல், இரண்டு ரத்து. ஒரே கார்டைக் கொடுத்திருந்தால் ஸ்டேட்மென்ட்டில் ஒரே பெயரில் இரண்டு வரி வரலாம். ஒன்று நின்றதும் இரண்டும் நின்றதாக நினைத்துக்கொள்ளாமல் அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.