எம்பிராய்டரி பிளாக் குவில்ட்டுக்கு எந்த பேட்டிங் வாங்குவது?

பூவேலை போட்ட துணித் துண்டுகளை (பிளாக்) இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு (பேட்டிங்), கீழே ஒரு துணி: இந்த மூன்று அடுக்கும் சேர்ந்த போர்வைதான் குவில்ட். மூன்றையும் பிணைக்கும் தையல்தான் குவில்டிங்.

படி 1: கடைக்குப் போகும் முன் ஸ்கேலை எடுங்கள். உங்கள் பிளாக்குகளில் இருப்பதிலேயே பெரிய பூவேலை எதுவோ, அதன் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நெருக்கமான மெஷின் எம்பிராய்டரி மேல் குவில்டிங் தையல் ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஊசியும் உடையலாம். அப்படியே ஓடினாலும் பூ அமுங்கிப் பார்க்கச் சகிக்காது. அதனால் பூவைச் சுற்றித்தான் தைப்போம். 7 அங்குலப் பூ என்றால் அந்த 7 அங்குலத்துக்கும் உள்ளே இருக்கும் பேட்டிங்கைப் பிடித்துவைக்க ஒரு தையல்கூட இல்லை. பேட்டிங் அதைத் தாங்காத ரகமாக இருந்தால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகத் திரளும்.

படி 2: பேட்டிங் உறையைப் படியுங்கள். தையல் வரிகளுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று அதில் போட்டிருக்கும். நிறத்தையும் விலையையும் அப்புறம் பார்க்கலாம். ஸ்க்ரிம் (பஞ்சோடு சேர்ந்தே வரும் மெல்லிய தாங்குவலை) இல்லாத பருத்தியில் பெரும்பாலும் 2 முதல் 4 அங்குலம்தான். ஸ்க்ரிம் உள்ளதில் 8, 10 வரை போகும். வார்ம் அண்ட் நேச்சுரல் என்ற ஸ்க்ரிம் உள்ள பருத்தி பேட்டிங் 10 அங்குலம் தாங்கும். உங்கள் பூ அதையும் தாண்டினால், இதழுக்கும் இலைக்கும் நடுவே வெறும் துணி தெரிகிற சந்துகளில் ஒரு வரி ஓட்டிவிடுங்கள். கையால் போட்ட வெறும் கோட்டுத் தையல் வேலை என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

படி 3: சுருக்கம். பருத்தி பேட்டிங் முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 60 அங்குல குவில்ட்டில் அது 2, 3 அங்குலம் வரை வரும். பாலியஸ்டர் எம்பிராய்டரி நூல் அதோடு சேர்ந்து சுருங்காது, ஆகவே பூவைச் சுற்றியுள்ள துணி மட்டும் கசங்கி நிற்கும். ஒட்டுத்துணி குவில்ட்டில் அந்தக் கசங்கல் அழகு. எம்பிராய்டரி போட்ட குருவி முகத்தில் வந்தால் அழகில்லை.

என் ஓட்டு கம்பளி பேட்டிங்குக்கு. அது உப்பி எழுந்து பூவோரத்துச் சின்னச் சுருக்கங்களை மறைத்துவிடும், மடித்த தடமும் சீக்கிரம் போய்விடும். ஆனால் உறையில் பெரும்பாலும் 4 அங்குலம்தான் இருக்கும், குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்கவும் வேண்டும். தினமும் புரட்டி எடுக்கும் குவில்ட் என்றால் உப்பல் குறைந்த பாலியஸ்டர் போதும்.

படி 4: மூன்று அடுக்கையும் சேர்க்கும் முன், பிளாக்கின் பின்னால் இருக்கும் கட்-அவே ஸ்டெபிலைசரை (எம்பிராய்டரி போடும்போது துணியைத் தாங்க வைத்து, பிறகு கத்தரித்து எடுக்கும் விரிப்பு) பூவோரத்தில் கால் அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் பேட்டிங்கும் சேர்ந்து பிளாக் அட்டை மாதிரி விறைக்கும். பேட்டிங்கை நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள்.

பின்சேர்க்கை: கருப்புத் துணியில் பேட்டிங்கின் வெள்ளை இழை எட்டிப் பார்ப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அடர்நிறத் துணிக்குக் கருப்பு பேட்டிங் தனியாகவே கிடைக்கிறது. இன்னொன்று, பாலியஸ்டர் பேட்டிங் வைத்த பிறகு சூடான இஸ்திரிப்பெட்டியை அழுத்தாதீர்கள், உப்பல் அமுங்கினால் திரும்பாது. பிளாக்கைத் தனியாக இருக்கும்போதே கவிழ்த்துப் போட்டு, கீழே டவல் விரித்து இஸ்திரி போட்டுவிடுங்கள்.