கார் செட்ல சத்தமே வரலையா? புது செட் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

கார்ல பாட்டு கேக்குற செட் ஆன் ஆகுது, டிஸ்ப்ளே எரியுது, பாட்டு ஓடுற நிமிஷம் கூட நகருது, ஆனா ஒரு ஸ்பீக்கர்லயும் சத்தம் இல்ல. இந்த நெலமைல நெறைய பேரு நேரா கடைக்கு போய் புது செட் மாட்டிட்டு வந்துடுறாங்க. எங்க வீட்டு கார்லயும் இதே தான் நடந்துச்சு, காட்டுன கடைல "உள்ள போர்டு போயிருச்சு சார், மாத்திருங்க"ன்னு சொன்னாங்க, எனக்கு மனசு கேக்கல, ஞாயித்துக்கெழம உக்காந்து ஒவ்வொண்ணா கழட்டி பாத்தா விரல்கடை அளவு வயர்ல தான் பிரச்சனையே. அத கீழ சொல்றேன். இதுக்கு முன்னாடி வயர் பக்கமே போகாதவங்களும் செய்யுற மாதிரி தான் எழுதிருக்கேன், அவசரம் மட்டும் வேணாம்.

தேவையானது கொஞ்சம் தான். ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர் (சென்னைல இருக்கவங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனா எந்த கடைலயும் கிடைக்கும்), ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பேட்டரி டெர்மினல் கழட்ட பத்தாம் நம்பர் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், அப்புறம் ரிமோட்ல போடுற பென்சில் பேட்டரி ஒண்ணு.

கழட்டுறதுக்கு முன்னாடி

மொதல்ல செட்டிங்ஸ். மியூட் ஆயிருக்கான்னு பாருங்க, சில செட்ல ஏடிடின்னு ஒரு பட்டன் இருக்கும், அது தெரியாம அமுங்கியிருந்தாலும் சத்தம் ரொம்ப அடங்கிடும். அடுத்தது ஃபேடர், அதாவது சத்தத்த முன்னாடி ஸ்பீக்கருக்கும் பின்னாடி ஸ்பீக்கருக்கும் பிரிச்சு விடுற செட்டிங். பேஸ் மாடல் கார் நெறையல முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் தான் இருக்கும், பின்னாடி எடம் காலியா கெடக்கும், வீட்டு பசங்க யாராவது ஃபேடர முழுசா பின்னாடி தள்ளி வச்சிருந்தா செட்டு இல்லாத ஸ்பீக்கருக்கு பாட்டு அனுப்பிட்டு இருக்கும். நடுவுல, அதாவது சைபர்ல வைங்க.

அப்புறம் எஃப்எம்ம போட்டு பாருங்க. எஃப்எம் பாடுது, புளூடூத் மட்டும் பாடலன்னா வயர தொடவே வேணாம், ஃபோன்ல புளூடூத் செட்டிங்ஸ் போயி உங்க கார் பேருக்கு உள்ள மீடியா ஆடியோ ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது ஆஃப்ல இருந்தா கால் பேசலாம், பாட்டு மட்டும் கார்ல வராது. எதுலயுமே சத்தம் இல்லன்னா, செட்டு முகத்துல ஊசி நுழையுற மாதிரி ஒரு ஓட்டை இருந்தா அது தான் ரீசெட், ஒருதடவ அமுக்கி பாத்துட்டு கீழ வாங்க.

டிஸ்ப்ளேயே எரியலன்னா

இது கரண்ட் பிரச்சனை. ஃபியூஸ் ரெண்டு எடத்துல இருக்கும், ஒண்ணு காரோட ஃபியூஸ் பாக்ஸ்ல (மூடிலயே எது எதுக்குன்னு படம் போட்டிருப்பாங்க), இன்னொண்ணு பெரும்பாலும் செட்டோட முதுகுலயே சொருகியிருக்கும். செட்டு முதுகுல இருக்குறது பொதுவா 10 இல்ல 15 ஆம்பியர், 10னா சிவப்பு, 15னா நீலம். உள்ள இருக்க கம்பி அறுந்திருந்தா அதே ஆம்பியர் போடுங்க. 10 இருந்த எடத்துல 20 போடுறது, சில்வர் பேப்பர் சுத்தி சொருகுறது, இதெல்லாம் தயவுசெஞ்சு செய்யாதீங்க, அடுத்த தடவ ஷார்ட் ஆனா ஃபியூஸுக்கு பதிலா வயர் எரியும், கார்ல தீப்பிடிக்க அது போதும்.

ஃபியூஸ் நல்லா இருந்தா செட்ட வெளிய இழுக்கணும். அதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் டெர்மினல கழட்டிருங்க. இழுத்து முடிச்சு, பின்னாடி இருக்க வயர் எதுவும் எதுமேலயும் ஒரசலன்னு பாத்துட்டு திரும்ப மாட்டுங்க, ஏன்னா இனிமே அளக்க கரண்ட் வேணும். வெளிய வாங்கி மாட்டுன செட்ல பெரும்பாலும் கலர் இப்படி இருக்கும்: மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், சிவப்பு சாவிய ஏசிசில (இன்ஜின் ஓடாம செட் மட்டும் ஓடுற நிலை) வச்சா 12 வோல்ட், சாவி ஆஃப்ல இருந்தா வராது, கருப்பு எர்த். கம்பெனி ஃபிட்டிங் செட்ல கலர் மாறும், அத மட்டும் ஞாபகத்துல வைங்க. மீட்டர டிசி 20ல வச்சு, கருப்பு முனைய பெயிண்ட் இல்லாத பாடி இரும்புல புடிச்சு, சிவப்பு முனைய ஒவ்வொரு வயர்லயும் வைங்க. மஞ்சள்ல வரலன்னா ஃபியூஸ் வழி கட், சிவப்புல வரலன்னா ஏசிசி வழி கட், ரெண்டுலயும் வருது ஆனா செட் எரியலன்னா கருப்பு வயர் லூஸா இருக்கலாம். எர்த் லூஸ்னால வர்ற பிரச்சனை நெனைக்கிறத விட அதிகம்.

டிஸ்ப்ளே எரியுது, சத்தம் மட்டும் இல்லன்னா

முக்கியமான எடமே இது தான். ஒரே ஒரு ஸ்பீக்கர் பாடலன்னா அந்த ஸ்பீக்கர், இல்ல அதோட வயர். நாலும் ஒரே நேரத்துல செத்துப்போச்சுன்னா நாலு ஸ்பீக்கரும் ஒரே நாள்ல போக வாய்ப்பு ரொம்ப கம்மி, பொதுவா எல்லாத்துக்கும் சேந்த எடத்துல ஏதோ ஒண்ணு.

வெளிய வாங்குன செட்ல பெரும்பாலும் ஸ்பீக்கர் வயர் கலர் இப்படி இருக்கும்: வெள்ளை முன்னாடி இடது, கிரே முன்னாடி வலது, பச்சை பின்னாடி இடது, ஊதா பின்னாடி வலது. அதே கலர்ல கருப்பு கோடு போட்டிருந்தா அது மைனஸ். மேல சொன்ன மாதிரியே செட்ட வெளிய இழுத்து, ஆஃப் பண்ணி, கப்ளர (செட்டு முதுகுல வயரெல்லாம் சேந்து சொருகுற பிளக்கு) கழட்டிட்டு, கார் பக்கம் போற வயர்ல மீட்டர 200 ஓம்ல வச்சு ஒவ்வொரு ஜோடியா அளங்க. கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம், மீட்டர்ல 3லேருந்து 4க்குள்ள காட்டுனா நல்லது. ஒண்ணுமே காட்டாம ஓவர்னு (OL, இல்ல வெறும் 1) நின்னா ஸ்பீக்கர் உள்ள இருக்க காயில் கட், இல்ல நடுவுல வயர் அறுந்திருக்கு. கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் குழாய் ஒண்ணு போகும்ல, கதவ தெறந்து தெறந்து மூடி அதுக்குள்ள வயர் ஒடியிறது சகஜம். ரொம்ப நாள் நிறுத்தியே வச்சிருந்த கார்னா எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க.

மீட்டர் இல்லாதவங்க அந்த ஜோடி வயர பென்சில் பேட்டரியோட ரெண்டு முனைலயும் ஒரு நொடி தொட்டு எடுங்க. ஸ்பீக்கர் உயிரோட இருந்தா கதவுல காத வச்சா "டப்"னு ஒரு சின்ன சத்தம் கேக்கும். ரொம்ப நேரம் தொட்டுட்டே இருக்க வேணாம்.

இப்ப எங்க வீட்டு கதை. நாலு ஜோடியும் 3.6, 3.7னு அழகா காட்டுச்சு, ஸ்பீக்கர் எல்லாம் நல்லா தான் இருக்கு, அப்புறம் ஏன் பாடலன்னு ஒரு மணி நேரம் முழிச்சேன். கடைசில மீட்டர பீப் அடிக்கிற மோடுல வச்சு, கப்ளர் கழட்டுன நெலமைலயே ஒரு முனைய பாடி இரும்புலயும் இன்னொரு முனைய ஒவ்வொரு ஸ்பீக்கர் வயர்லயும் வச்சேன். எதுலயும் பீப் வரவே கூடாது. பச்சைல வந்துச்சு. பின்னாடி இடது கதவோட டோர் பேட கழட்டுனா, வயர் ஒரு ஸ்க்ரூவுக்கும் கதவு தகரத்துக்கும் நடுவுல மாட்டி நசுங்கி, மேல் தோல் உரிஞ்சு உள்ள இருக்க செம்பு பளபளன்னு தகரத்த தொட்டுட்டு இருக்கு. கதவ கடைசியா கழட்டி மாட்டுனவங்க கவனிக்கல. வெட்டி ஒட்டி, டேப் சுத்தி, வேற பக்கமா கொண்டு போனேன், நாலும் பாடிடுச்சு.

ஒரு வயர் பாடிய தொட்டா நாலும் ஏன் நிக்கணும்? இப்ப வர்ற செட்ல ஸ்பீக்கர் மைனஸும் எர்த்தும் ஒண்ணு கெடையாது, செட் ஓடும்போது பிளஸ் மைனஸ் ரெண்டு வயர்லயுமே பாடிய வச்சு அளந்தா சுமார் 6 வோல்ட் டிசி இருக்கும். அது பாடிய தொட்டா ஷார்ட், உடனே பல செட்டு தன்ன காப்பாத்திக்க மொத்த சத்தத்தையும் நிறுத்திடும். அதனால தான் பழைய பழக்கத்துல எல்லா மைனஸையும் சேத்து எர்த் கொடுக்குறது பெரிய தப்பு.

இன்னொண்ணு, சில செட்ல மியூட்னு தனி வயர் வரும், பிரவுன் கலர்ல பாத்திருக்கேன், அது எர்த்த தொட்டாலும் சத்தம் போயிடும். தேவையில்லன்னா முனைல டேப் சுத்தி விட்டுருங்க.

தனி ஆம்ப்ளிஃபயர் வச்சிருந்தா

செட்லேருந்து ஆம்ப்புக்கு நீலம் வெள்ளை கோடு போட்ட ரிமோட் வயர் போகும், செட் ஆன்ல இருக்கும்போது ஆம்ப் பக்க முனைல 12 வோல்ட் வரணும், வரலன்னா ஆம்ப் முழிக்கவே முழிக்காது. முழிச்சும் புரொடெக்ட் லைட் (ஆம்ப் தன்ன காப்பாத்திக்க நின்னுருச்சுன்னு காட்டுற லைட்) எரிஞ்சா பெரும்பாலும் ஸ்பீக்கர் வயர் ஷார்ட், இல்ல எர்த் போல்ட் பெயிண்ட் மேல முறுக்கியிருக்காங்க, பெயிண்ட சுரண்டிட்டு முறுக்குங்க. லைட் எல்லாம் சரின்னா வால்யூம நல்லா கம்மி பண்ணிட்டு ஃபோன நேரா ஆம்ப்போட ஆர்சிஏல (செட்லேருந்து பாட்டு வர்ற வயர் சொருகுற வட்ட ஓட்டை) கொடுத்து பாருங்க, பாடுனா ஆம்ப் நல்லது, செட்டோ நடுவுல இருக்க ஆர்சிஏ வயரோ தான்.

இவ்வளவும் பாத்தாச்சு, ஃபியூஸ் சரி, வயர் சரி, ஸ்பீக்கர் சரி, ஆனா செட் ஓடும்போது ஒரு ஸ்பீக்கர் வயர்லயும் அந்த 6 வோல்ட் வரலன்னா அப்ப தான் உள்ள இருக்க ஆடியோ ஐசி (ஸ்பீக்கருக்கு சத்தம் அனுப்புற சிப்பு) மேல சந்தேகப்படணும். அப்பவும் உடனே புது செட் வேணாம், டிடிஏ7388 மாதிரி ஐசி தான் நெறைய செட்ல இருக்கு, ரேடியோ டிவி ரிப்பேர் பாக்குறவங்க கழட்டி வேற வச்சு கொடுப்பாங்க. போகும்போது நீங்க அளந்தத ஒரு பேப்பர்ல எழுதி கையில கொடுங்க, அவங்களுக்கும் பாதி வேலை மிச்சம். திரும்ப மாட்டும்போது மட்டும் ஒண்ணு, டேஷ்போர்டு ஃப்ரேம அமுக்கி மூடுறதுக்கு முன்னாடி பாட்ட போட்டு நாலு கதவுலயும் காத வச்சு கேட்டுட்டு அப்புறம் மூடுங்க.