சின்னச் சொத்துக்குக் கோர்ட் வேண்டாம்: வாரிசுகள் செய்ய வேண்டியவை

கோவை சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேங்கில் 4 லட்சம், ஒரு மொபெட், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 40 சென்ட் நிலம். காரியம் முடிந்ததுமே ‘வக்கீலைப் பாருங்க’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். குடும்பத்துக்குள் சண்டை இல்லையென்றால் இதில் எதற்கும் கோர்ட் தேவையில்லை. உயில் இருந்தாலும் அப்படித்தான். இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்கும் கட்டாயம் சென்னை நகர எல்லையைச் சார்ந்து இருந்தது; 2025 டிசம்பரில் அதையும் நீக்கிவிட்டார்கள். கோவையில் எழுதி, கோவைச் சொத்தைப் பற்றிப் பேசும் உயிலுக்கு அது முன்பும் பொருந்தியதில்லை.

முதல் வேலை, இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் விஏஓ, நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி. பெயரைக் கவனியுங்கள். பழைய பத்திரத்தில் சாதிப் பெயரோடும் ஆதாரில் அது இல்லாமலும் இருப்பது நம் பக்கம் சகஜம். அந்த வித்தியாசம்தான் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் இழுக்கும்.

இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். இதில் அவசரப்படாதீர்கள். இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் ஆதார், ரேஷன் கார்டு எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) விசாரித்த பிறகு தாலுகா ஆபீஸிலிருந்து சான்று வரும்.

‘புள்ளைக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே’ என்று மகள் பெயரை விட்டுவிடுவது கொங்கு வீடுகளில் இன்றும் நடக்கிறது. அது அநியாயம், சட்டப்படியும் தப்பு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. எவ்வளவு சீர் கொடுத்திருந்தாலும் இந்தப் பங்கு போகாது. இறந்தவரின் ஆத்தா உயிரோடு இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். ஒரு பெயர் விடுபட்டால் இதற்கு மேல் நீங்கள் செய்யும் எல்லாமே ஆட்டம் காணும்.

அப்புறம் பேங்க். ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறது என்று பணம் எடுக்காதீர்கள். நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் அடையாள அட்டையும் கொடுத்தால் பணம் வந்துவிடும். ஆனால் நாமினி என்பவர் வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவர்தான், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நாமினி இல்லையா? 2025இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, கோர்ட் சான்று கேட்காமல் கொடுக்க வேண்டும். வாரிசுச் சான்று, இழப்பீட்டு உறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் ஈடு செய்வதாக எழுதித் தருவது), பணம் கேட்காத வாரிசுகளின் சம்மதக் கடிதம் போதும். எல்லாம் சரியாக இருந்தால் 15 நாளில் முடிக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். தாமதத்துக்கு வங்கி ஈடு தர வேண்டும் என்பதால் தேதி போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

நிலத்துக்கு முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். அக்காவோ தங்கையோ மனமாரத் தன் பங்கை விட்டுக்கொடுத்தால், அதை விடுதலைப் பத்திரமாகச் சார்பதிவாளர் ஆபீஸில் பதிய வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். துக்க வீட்டில் வெற்றுத் தாளில் வாங்கும் கையெழுத்து செல்லாது, தயவுசெய்து அதைக் கேட்கவும் கேட்காதீர்கள்.

மொபெட்டைப் பெயர் மாற்ற ஆர்டிஓ ஆபீஸில் படிவம் 31 கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள்.

யாராவது ஆட்சேபம் கிளப்பினாலோ, பேங்க் தொகை வரம்பைத் தாண்டினாலோதான் கோர்ட்டில் சக்சஷன் சர்டிபிகேட் (தாலுகா ஆபீஸ் தரும் வாரிசுச் சான்று வேறு, இது வேறு) கேட்க வேண்டியிருக்கும். அதுவும் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு மட்டும். நிலத் தகராறை அது தீர்க்காது, அதற்குப் பாகப்பிரிவினை வழக்குதான்.